கிருபாசங்கர் மூன்று தடவை பார்த்த படம்

அமுதேந்திரன் படம் நன்றாக இல்லை என்று இந்த வாய் ஒருநாளும் சொல்லாது.

கிருபாசங்கர் இப்படிச் சபதம் போட்டபோது அந்த வாயில் பாதி இட்லி இருந்தது. அதனால் சபதம் கொஞ்சம் நசுங்கித்தான் வெளியே வந்தது. பின்னால் குடோனில் அவனுடைய எட்டு விசைத்தறியும் ஓடிக்கொண்டிருந்தன. ஆனாலும் அடுப்படியில் நின்ற நித்யஸ்ரீக்குச் சுத்தமாகக் கேட்டுவிட்டது.

"இன்னொருக்கா சொல்லுங்க மாமா," என்றாள்.

சொன்னான்.

"எப்பவுமே சொல்ல மாட்டீங்களா?"

"சாகற வரைக்கும் சொல்ல மாட்டேன்."

"ஒருவேள சொல்லிப்போட்டீங்கன்னா?"

"சொல்லிப்போட்டா முன்ரூம நீயே எடுத்துக்க."

இட்லி உள்ளே இறங்கிய பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே தெரிந்தது. அதற்குள் நித்யஸ்ரீ கையைத் துடைத்துக்கொண்டு, "சரீங்க," என்று சொல்லிவிட்டாள். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதே அவன் சுதாரித்திருக்க வேண்டும்.

சோமனூரில் கிருபாசங்கரின் வீட்டுக்கு மொத்தம் மூன்று அறை. ஒன்றில் சமைத்தார்கள். ஒன்றில் அவனும் நித்யஸ்ரீயும் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மதிவதனியும் படுத்தார்கள். காற்றும் வெளிச்சமும் வருகிற முன்னறையில் அமுதேந்திரன் இருந்தார். ஆறடி உயர அட்டைப்படமாக, இடுப்பில் கை வைத்து, ஜன்னலை மறைத்துக்கொண்டு. அவரைச் சுற்றிலும் சுருட்டி வைத்த பிளெக்ஸ்கள், ரத்ததான முகாமில் கொடுத்த ஷீல்டு, கண்ணாடி போட்ட ஒரு போட்டோ. போட்டோவில் அமுதேந்திரனுக்குப் பக்கத்தில் ஒரு தோள்பட்டை மட்டும் தெரியும். அது கிருபாசங்கருடையது.

அந்த அறைதான் ரசிகர் மன்றத்தின் சோமனூர் கிளை. ஒரு காலத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். சில பேருக்குக் கல்யாணமானது. சில பேருக்குப் புத்தி வந்தது. மீதிப்பேர் வேறு நடிகருக்கு மாறிப் போனார்கள். இப்போது தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாமே கிருபாசங்கர்தான். வருஷத்துக்கு ஒரு கூட்டம் உண்டு. அவனே வரவேற்று, அவனே நன்றி சொல்லி, அவனே டீ குடிப்பான்.

நித்யஸ்ரீக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து ஓட்டையா, கறையா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, குறை இருக்கிற இடத்தில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். காலை ஏழே காலுக்குப் பஸ் ஏறினால் பொழுது விழுந்துதான் வீடு. பள்ளிக்கூடம் விட்டு வரும் மதிவதனி அதுவரைக்கும் பக்கத்து வீட்டுத் தாஜுன்னிசாவிடம் இருப்பாள்.

தாஜுன்னிசா தையல் தெரிந்தவள். அவளும் நித்யஸ்ரீயும் ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கே துணியைக் கொண்டுவந்து போட்டு, தைத்து முடித்ததும் எடுத்துக்கொண்டு போகத் தயார். இரண்டு ஓவர்லாக் தையல் மிஷின் போட இடம் வேண்டும். வேன் வாசலுக்கு வர வேண்டும். நல்ல வெளிச்சம் வேண்டும். மூன்றும் சேர்ந்து கிடைக்கிற இடத்தில் அமுதேந்திரன் நின்றுகொண்டிருந்தார்.

"புள்ள ஸ்கூல் விட்டு வாரப்ப நான் ஊட்ல இருக்கோணுமுங்க மாமா. வேற எதுக்கும் கேக்கல," என்று எட்டு மாதமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவர எங்க கொண்டுபோயி நிறுத்தறது?"

"ஊட்டுக்குப் பின்னால பொடக்காளீல நிறுத்தலாமுங்க. கீரைக்குக் கோழி வராது."

அந்தப் புதன்கிழமை காலையில் அவள் ஒரு படி மேலே போனாள். "கடைசியா வந்த அஞ்சு படமும் ஊத்திக்கிச்சு. ஓடாத ஆளுக்கு எதுக்குங்க ஒரு ரூம்?" என்று கேட்டுவிட்டாள். அதுதான் கிருபாசங்கருக்குப் பொறுக்கவில்லை. அஞ்சு படமும் ஓடவில்லைதான். ஆனால் ஒரு படத்துக்கு மழை. ஒன்றுக்குத் தேர்தல். ஒன்று வந்தபோது பிள்ளைகளுக்குப் பரீட்சை. மீதி இரண்டும் ஜனங்களுக்குப் புரியவில்லை. படத்தில் குறை என்று அவன் என்றைக்காவது சொன்னானா? இனிமேலும் சொல்ல மாட்டான். அதைத்தான் இட்லியோடு சொன்னான்.

வெள்ளிக்கிழமை ஆறாவது படம் வந்தது. 'பதினோராவது கைரேகை'. துப்பறியும் கதை. முதல் காட்சிக்கே கிருபாசங்கர் கோயமுத்தூர் போய்விட்டான்.

படம் ஆரம்பித்தது. ஒரு பிணம் கிடந்தது. அமுதேந்திரன் காரிலிருந்து இறங்கினார். பிணத்தைப் பார்த்து நடந்தார். கிருபாசங்கர் விசிலடித்தான். அவர் நடந்தார். கிருபாசங்கர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தான், தின்றான், கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தான். அவர் இன்னும் நடந்துகொண்டிருந்தார்.

படத்தில் மொத்தம் பதினோரு கொலை. பதினோரு தடவை கார் வந்தது. பதினோரு தடவை அவர் இறங்கி நடந்தார். அதில் நான்கு தடவை மழை. கொலைகாரன் யார் என்பது பத்தாவது நிமிஷத்தில் தியேட்டருக்கே தெரிந்துவிட்டது. அமுதேந்திரனுக்கு மட்டும் இரண்டே முக்கால் மணி நேரம் கழித்துத் தெரிந்தது. தெரிந்த பிறகும் அவர் நம்பவில்லை. நம்புவதற்கு ஒரு பாட்டு வைத்திருந்தார்கள்.

வெளியே வந்தபோது கிருபாசங்கருக்கு இடுப்பு ஒரு பக்கமும் கழுத்து ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தது. பைக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தான். இந்த முகத்தோடு வீட்டுக்குப் போனால் முன்னறை போய்விடும். சிரித்துப் பார்த்தான். சிரித்த முகம் இன்னும் மோசமாக இருந்தது.

சாயங்காலம் நித்யஸ்ரீ பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். பையை மாட்டிவிட்டுக் கேட்டாள். "எப்புடீங்க இருந்துச்சு?"

"அருமை."

"கத?"

"அருமை."

"அவுரு?"

"அவரு எப்பவுமே அருமைதான்."

"அருமைங்கற மூஞ்சியாட்டத் தெரியலீங்களே. பல்லுவலி வந்தவராட்ட இருக்கறீங்க."

"கிளைமாக்ஸ் மனசப் புழிஞ்சு எடுத்துருச்சு அம்மணி. அதுதான்."

"அப்புடீங்களா. அப்ப நானும் பாக்கோணும்."

கிருபாசங்கர் நிமிர்ந்து உட்கார்ந்தான். "உனக்கெதுக்கு? எல்லாம் கொலையும் ரத்தமுமா இருக்கும்."

"ஏனுங்க, நல்லா இல்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்குது."

"அப்ப ஞாயித்துக்கிழம மேட்னிக்குப் போலாமுங்க. புள்ளயத் தாஜுன்னிசாக்காகிட்ட விட்டுட்டு வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை அதே தியேட்டர், அதே பிணம், அதே கார். கிருபாசங்கர் கண்ணை மூடிக்கொண்டாலும் எந்த நேரத்தில் கதவு சாத்தும், எந்த நேரத்தில் இடி இடிக்கும் என்பது தெரிந்தது. மூடவும் முடியவில்லை. பக்கத்தில் செக்கிங்கில் ஒன்பது வருஷ அனுபவம் உட்கார்ந்திருந்தது.

"ஏனுங்க, பொணம் வெக்கற ரூமுக்குள்ள எதுக்குங்க கூலிங்கிளாஸ்?"

"பொணத்தப் பாத்தா அவருக்குக் கண்ணு கலங்கீரும். அத மறைக்கறதுக்கு."

"ஓ."

ஐந்து நிமிஷம் கழிந்தது.

"இந்தப் புள்ள உள்ள போறப்ப பச்சச் சேல கட்டியிருந்துச்சு. வெளிய ஓடியாரப்ப மஞ்சச் சேலைங்க."

"உள்ள மாத்தியிருப்பா."

"கொலகாரன் தொரத்தறப்பவா?"

"பயத்துல மாத்தியிருப்பா. நீ படத்தப் பாரு கண்ணு."

"பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்."

அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஸ்டிக்கர் உரிப்பதுபோல அசைந்துகொண்டே இருந்தன.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அவள் மறுபடியும் சாய்ந்தாள். "மாமா, அந்த டாக்டருதான கொலகாரன்?"

"உனக்கு எப்புடித் தெரியும்?"

"அவுரு மூஞ்சி வந்தாலே மத்தளம் அடிக்கறாங்களே. அது சரீங்க, அவுரு எல்லாக் கொலையும் க்ளவுஸ் மாட்டீட்டுத்தான பண்றாரு?"

"ஆமா."

"அப்பறம் கைரேகை எப்புடீங்க விழுகுது?"

கிருபாசங்கர் திரையில் டாக்டரின் கையைத் தேடினான். இரண்டு தடவை பார்த்தும் அவனுக்கு இது தோன்றவே இல்லை. படத்தின் பெயரே கைரேகை. பதினோரு கைரேகை. பதினோரு தடவையும் கையுறை.

"அது ரெண்டாம் பாகத்துல சொல்லுவாங்க," என்றான்.

"ரெண்டாம் பாகம் வேற வருதுங்களா?" என்று கேட்டாள். அந்தப் படத்தில் அவள் வருத்தப்பட்ட ஒரே இடம் அதுதான்.

வெளியே வந்து பைக்கை எடுத்தபோது அவனே கேட்டான். "எப்புடி இருந்துச்சு அம்மணி?"

"எனக்கென்னங்க தெரியும்? நீங்க அருமைன்னு சொன்னா அருமையாத்தான் இருக்கும். இவ்வளவு நல்ல படத்த நாம ரெண்டு பேரு மட்டும் பாத்தா நல்லாவா இருக்குது? அப்பாவும் அம்மாவும் சத்தியமங்கலத்துல சும்மாதான இருக்கறாங்க. சனிக்கிழம வரச் சொல்லிப்போட்டேன்."

"எப்பச் சொன்ன?"

"இன்டர்வல்ல நீங்க பப்ஸ் வாங்கப் போனீங்களே, அப்பத்தானுங்க."

"மாமாவுக்கு முட்டிவலி. அவ்வளவு நேரம் உக்கார முடியாது. அவரைப் போயி..."

"ஏனுங்க, படம் நல்லா இல்லீங்களா?"

கிருபாசங்கர் பைக்கை உதைத்தான். இரண்டாவது உதையில்தான் கிளம்பியது.

அந்த வாரம் முழுக்க அவன் தியேட்டர் விளம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். படத்தை எடுத்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். நான்கு காட்சி இரண்டாகக் குறைந்தது. இரண்டு ஒன்றானது. அந்த ஒன்று மட்டும் போகாமல் நின்றது. தன் தலைவர் படம் தூக்கப்பட வேண்டும் என்று அவன் மருதமலை முருகனை வேண்டிக்கொண்டது மன்றத்தின் வரலாற்றில் அதுதான் முதல் தடவை. முருகனுக்கும் படம் பிடிக்கவில்லையோ என்னவோ, அந்தப் பக்கமே வரவில்லை.

சனிக்கிழமை காலையில் மாமனார் நஞ்சுண்டனும் மாமியார் குழந்தையம்மாளும் ஒரு பை நிறைய வாழைக்காயோடு வந்து இறங்கினார்கள். கம்பெனிக்கு லீவு போட்டிருந்தும் நித்யஸ்ரீ படத்துக்கு வரவில்லை. "நீங்க போயிட்டு வாங்க. நான் கோழி அடிச்சுக் கொழம்பு வெச்சுப்போடறேன்," என்றாள்.

தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் கிருபாசங்கரை அடையாளம் கண்டுகொண்டார். "மறுக்காவுங்களா?" என்றார். அதில் கேலி இல்லை. சீக்காளியை விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார்.

"வீட்டுக்காரங்கள கூட்டீட்டு வந்தேன்."

"பத்துப் பேராவது இல்லாட்டி ஷோ ஓட்ட மாட்டாங்க சார். கொஞ்சம் பொறுங்க."

கிருபாசங்கருக்கு உயிர் வந்தது. எட்டிப் பார்த்து எண்ணினான். உள்ளே ஏழு பேர். சந்தோஷத்தில் மாமியாரின் கைப்பையை அவனே வாங்கிக்கொண்டு வெளியே நடக்கப் போனான். டிக்கெட் கிழிப்பவர் அவர்களையும் எண்ணினார். "ஏழும் மூணும் பத்து. வாங்க சார், ஆரம்பிச்சிரலாம்." இவர்கள் மட்டும் வராமல் இருந்திருந்தால் அந்த ஏழு பேரும் பிழைத்துப் போயிருப்பார்கள்.

நஞ்சுண்டன் முதல் நடையிலேயே கொட்டாவி விட்டார். ஆனால் மருமகன் பக்கத்தில் இருக்கும்போது தூங்குவது மரியாதை இல்லை. கண்ணை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமனார் கண்ணை விரித்துப் பார்க்கும்போது மருமகன் மட்டும் தூங்குவது எப்படி? அவனும் விரித்துக்கொண்டான். குழந்தையம்மாள் நடுவில் ஒருமுறை, "கண்ணு, அந்தப் பொணம் சித்த முந்தி அசைஞ்சுதே, பாத்தீங்களா?" என்றாள். "அது நிழலுங்க அத்தை," என்றான்.

இடைவேளையில் மாமனாரும் மருமகனும் டீயோடு நின்றார்கள். வெளிக்கதவு பத்தடி தூரத்தில் திறந்திருந்தது. வெயில் தெரிந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

"மாப்ளைங்களுக்கு ஏதாச்சும் சோலி இருக்குதுங்களா?" என்றார் நஞ்சுண்டன். "தறி ஓடீட்டு இருக்குமே. சோலி இருந்தாக் கெளம்பலாமுங்க. எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க."

கிருபாசங்கருக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. ஆமாங்க மாமா, சோலி இருக்குது என்று சொன்னால் போதும். ஆனால் சத்தியமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த மாமனாரைப் பாதிப் படத்தில் கூட்டிக்கொண்டு போனால் ஊரில் என்ன பேசுவார்கள்?

"சோலி ஒண்ணும் இல்லீங்க மாமா. உங்களுக்கு முட்டி வலிச்சாச் சொல்லுங்க, போயிரலாம்."

நஞ்சுண்டன் முட்டியை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். மருமகன் ஆசையாகக் கூட்டி வந்த இடத்தில் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது?

"வலியெல்லாம் இல்லீங்க. படம் நெம்ப நல்லாருக்குது."

"அப்புடீங்களா மாமா?"

"ஆமாங்க. நெம்ப."

மணி அடித்தது. "போலாமுங்களா?" என்றார் மாமனார். "நீங்க முன்னால போங்க மாமா," என்றான் மருமகன். "இல்லீங்க, நீங்க போங்க." திறந்த கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு பேரும் ஒன்றாக இருட்டுக்குள் போனார்கள்.

வெளியே வந்தபோது குழந்தையம்மாள்தான் முதலில் பேசினாள். "அந்தத் தம்பி பாவம், நடந்து நடந்தே எளச்சுப்போச்சு." நஞ்சுண்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்கூர்ப் பக்கம் இந்த மாதிரிப் படமெல்லாம் வாரதே இல்லீங்க மாப்ள," என்றார். கொடுத்து வைத்த ஊர் என்று கிருபாசங்கர் நினைத்துக்கொண்டான்.

மத்தியானம் கோழிக்குழம்பு. அதற்கு ஒரு ஸ்டிக்கரும் ஒட்ட முடியாது. சாப்பிட்டு முடித்து, மூன்றரை மணி பஸ்ஸுக்கு இருவரையும் ஏற்றிவிட்டு வந்து, கிருபாசங்கர் முன்னறையில் பாய் போட்டுச் சாய்ந்தான். அமுதேந்திரன் மேலிருந்து குனிந்து பார்த்தார். கிருபாசங்கர் திரும்பிப் படுத்தான். இருபத்திரண்டு வருஷத்தில் அவருக்கு அவன் முதுகைக் காட்டியதில்லை. ஆனாலும் ஜெயித்தாயிற்று. மூன்று தடவை பார்த்தாயிற்று, வாய் திறக்கவில்லை. இனிமேல் கூட்டிக்கொண்டு போக ஆளும் இல்லை.

நித்யஸ்ரீ போனைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"ஏனுங்க மாமா, அப்பாதான் பஸ்ல இருந்து பேசுனாரு. படம் அவருக்கு அவ்வளவு புடிச்சுப் போச்சாம்."

"ம்."

"பெரியப்பா ஊட்டு வகையறாவுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிப்போட்டாராமா. பதினாலு பேரு. நாளைக்கு வேன் புடிச்சு வாராங்களாம்."

கிருபாசங்கர் எழுந்து உட்கார்ந்தான்.

"வேனா?"

"ஆமாங்க. நீங்களும் கூட உக்காந்து பாக்கோணுமாம். கத புரியலீன்னா சொல்றதுக்கு ஆளு வேணுமுல்லீங்க. காலைல பத்து மணிக்கெல்லாம் வந்துருவாங்களாட்ட இருக்குது."

அவன் கண்ணுக்கு முன்னால் வேன் வந்து நின்றது. பதினாலு பேர் இறங்கினார்கள். பதினாலு பேரும் மாமனார் முறை, மாமியார் முறை, மச்சினன் முறை. இடைவேளையில் பதினாலு பேரும் சோலி இருக்குதுங்களா என்று கேட்பார்கள். பதினாலு பேருக்கும் இல்லீங்க என்று சொல்ல வேண்டும். க்ளவுஸ் மாட்டினவனுக்கு ஏதுங்க கைரேகை என்று பதினாலு பேரும் கேட்பார்கள். அதற்கு நடுவில் பதினோரு தடவை கார் வரும்.

"அம்மணி," என்றான்.

"சொல்லுங்க மாமா."

"அந்தப் படம்..."

"ம், படம்?"

"நல்லா இல்லீங்க."

கட்டின பெண்டாட்டிக்கு அவன் 'ங்க' போட்டது அன்றைக்குத்தான்.

"என்னுங்க? தறிச் சத்தத்துல காதுல விழுகல."

"குப்பைங்க. சுத்தக் குப்பை. மனுசன் பாப்பானா அத? கார்ல இருந்து பொணத்துக்கு நடக்கறதுக்குள்ள ரெண்டு முழம் துணி நெய்து போடலாம். அந்த டாக்டர எனக்கே பத்து நிமிசத்துல தெரிஞ்சுது. க்ளவுஸ் மாட்டீட்டு எப்புடிங்க கைரேகை விழுகும்? ரெண்டாம் பாகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. என்னால இனி ஒருக்கா முடியாதுங்க."

நித்யஸ்ரீ குறுக்கே பேசாமல் கடைசி வரைக்கும் கேட்டாள். சொல்லி முடித்ததும் அவனுக்கு மூச்சு ஆழமாக வந்தது. ஒன்பது நாளாக நெஞ்சில் நின்றது இறங்கினது போல இருந்தது. முன்னறை போனாலும் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை மிஞ்சினால் போதும்.

"பெரியப்பாவுக்குப் போனப் போட்டு வேன வேண்டாம்னு சொல்லிப்போடு," என்றான்.

"எந்த வேனுங்க?"

கிருபாசங்கர் அவளைப் பார்த்தான்.

"அப்பா போனே பண்ணலீங்க மாமா. பஸ் ஏறினதும் தூங்கியிருப்பாரு. பாவம், மாப்ள பக்கத்துல இருந்ததால தியேட்டர்ல கண்ணே மூட முடியலைன்னு அம்மாகிட்டச் சொல்லீட்டு இருந்தாரு."

கோபப்படலாமா என்று யோசித்தான். அதற்கு வேண்டிய தெம்பு உடம்பில் இல்லை. எழுந்து, அமுதேந்திரனை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கினான். ஜன்னல் தெரிந்தது. சாயங்கால வெயில் நேராகத் தரைக்கு வந்து விழுந்தது. மதிவதனி எங்கிருந்தோ ஓடிவந்து அந்த வெயில் கட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டாள்.

கிருபாசங்கருக்கு ஒரு நப்பாசை வந்தது. அட்டையை மறுபடியும் சுவரில் சாய்த்தான்.

"மிஷினுக்கு இனிமேத்தான சொல்லோணும்? வாரதுக்கு ஒரு மாசமாவது ஆகுமில்ல. அதுவரைக்கும் இவரு இங்கயே நிக்கட்டும்."

"நாளைக்குக் காலைல வந்து எறங்குதுங்க."

"நாளைக்கா? எப்பச் சொன்ன?"

"படம் வாரதுக்கு மொத நாளு. வியாழக்கிழம."

"நான் வாயே தொறக்காம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்ப? எம்மேல அவ்வளவு நம்பிக்கையா?"

நித்யஸ்ரீ அட்டைப்படத்தின் தோளில் படிந்திருந்த தூசியை முந்தானையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"உங்கள நம்பி இல்லீங்க மாமா. அமுதேந்திரன நம்பி."